மதுரையிலிருந்து சென்னைக்கு இரவு ரயில்: காலையிலிருந்து பின்னோக்கித் திட்டமிடும் முறை

மதுரைக்காரர்களுக்குச் சென்னையில் ஒரு வேலை என்றால், அது பெரும்பாலும் முதல் நாள் இரவு மதுரைச் சந்திப்பில்தான் தொடங்குகிறது. இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வண்டியேறி, பொழுது விடியும் வேளையில் எழும்பூரில் இறங்கி, அன்றைய வேலையை முடித்துவிட்டு அன்று இரவே திரும்பிவிடும் வழக்கம் மீட்டர் கேஜ் காலத்திலிருந்தே இந்த ஊருக்கு உண்டு. 2004ஆம் ஆண்டு ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்படும் வரையில், தென் மாவட்டங்களின் வழக்கறிஞர்களும் வழக்காடிகளும் வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு இந்த இரவு வண்டிகளில்தான் போய்வந்தார்கள். இன்று மேல் சிகிச்சைக்கும், வேலைக்கான நேர்காணலுக்கும், விசா அலுவலகத்துக்கும், தலைமைச் செயலகத்துக்கும் போகிறவர்கள் அதே வழியைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

இப்படிப் போகிறவர்களில் பலர் டிக்கெட் கிடைத்தால் போதும் என்ற நிலையில் ஏதோ ஒரு வண்டியில் ஏறி, தூக்கமில்லாமல் இறங்கி, வேலை நடக்க வேண்டிய நேரத்தில் களைத்துப் போகிறார்கள். இரவு வண்டியின் பயன் அது தரும் காலைப் பொழுதில்தான் இருக்கிறது. ஆகவே, மறுநாள் காலை எத்தனை மணிக்கு, சென்னையின் எந்தப் பகுதியில் நீங்கள் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி இறங்கும் நிலையம், வண்டி, வகுப்பு, படுக்கை, முன்பதிவு செய்யும் நாள் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானியுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த முறையில்தான் செல்கிறது.

எங்கே இறங்குவது

எழும்பூர்தான் சென்னை என்று எண்ணுவது பழைய பழக்கம். தெற்கிலிருந்து வரும் வண்டிகள் செங்கல்பட்டையும் தாம்பரத்தையும் கடந்துதான் எழும்பூரை அடைகின்றன. தாம்பரத்துக்கு, எழும்பூருக்கு வரும் நேரத்தைவிட ஏறக்குறைய அரை மணி நேரமோ அதற்குச் சற்று அதிகமோ முன்பாகவே வந்துவிடுகின்றன. மேடவாக்கம், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் பக்கமுள்ள மென்பொருள் நிறுவனங்களுக்கோ, குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கமோ, விமான நிலையத்துக்கோ போகிறவர்கள் எழும்பூர் வரை சென்று மீண்டும் தெற்கே திரும்பி வருவது வீண் அலைச்சல். அவர்கள் தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம்; குரோம்பேட்டை, பல்லாவரம், விமான நிலையம் பக்கம் போகிறவர்கள் அதே நிலையத்திலேயே புறநகர் மின்சார ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். விமான நிலையத்துக்குத் திரிசூலத்தில் இறங்கினால் சாலையைக் கடந்தால் போதும். அடையாறு, கிண்டி பக்கம் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கிண்டிக்கு வந்துவிடலாம். தியாகராய நகரில் தங்குகிறவர்கள், தாங்கள் போகும் வண்டி மாம்பலத்தில் நிற்குமா என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

எழும்பூரில்தான் இறங்க வேண்டும் என்றால் அதன் பயனும் பெரியது. அங்கிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் அடுத்த நிலையமான பூங்காவில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் சென்ட்ரலும் நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. அதற்கடுத்த கோட்டை நிலையம் தலைமைச் செயலகத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் பொருத்தமானது. கோயம்பேடு, வடபழனி பக்கம் போகிறவர்களுக்கு எழும்பூர் மெட்ரோ நிலையத்திலிருந்து பச்சை வழித்தட வண்டி இருக்கிறது. அதிகாலையிலேயே மெட்ரோ ஓடத் தொடங்கிவிடுவதால், பொழுது விடியாத நேரத்தில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டிய அவசியம் முன்போல் இல்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்புப் பணி நடந்துவருவதால், சில வண்டிகளைச் சில காலத்துக்குத் தாம்பரத்திலோ வேறு நிலையத்திலோ நிறுத்திவிடுவதாக ரயில்வே அறிவிப்பதுண்டு. பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு உங்கள் வண்டி எங்கே முடிகிறது என்பதை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

எந்த வண்டி

மதுரையிலிருந்து சென்னைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் இரவில் ஓடுகிறது. மதுரையிலிருந்து புறப்படும்போது அதன் எண் 12638, சென்னையிலிருந்து திரும்பும்போது 12637. இது தவிர, தெற்கேயிருந்து மதுரை வழியாகச் செல்லும் இரவு வண்டிகள் பல இருக்கின்றன: திருநெல்வேலியிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ், செங்கோட்டையிலிருந்து பொதிகை, தூத்துக்குடியிலிருந்து முத்துநகர், கன்னியாகுமரியிலிருந்து அதே பெயர் கொண்ட எக்ஸ்பிரஸ். இவை எல்லாமே ஏறக்குறைய ஒரே பாதையில், கொடைரோடு, திண்டுக்கல், திருச்சி என்று போய், பிறகு அரியலூர், விருத்தாசலம், விழுப்புரம் வழியான கார்டு லைன் என்னும் குறுக்குப் பாதையில் சென்னையை அடைகின்றன. 500 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவு.

எல்லாம் ஒரே பாதை என்றாலும் மதுரைக்காரர்களுக்கு இவை ஒன்றல்ல. பாண்டியன் மதுரையில் கிளம்பி மதுரையில் முடிகிற வண்டி. கிளம்பும் ஊர் என்பதால் நடைமேடையில் வண்டி முன்னதாகவே வந்து நிற்கும். வயதானவர்கள் அவசரமின்றி ஏறலாம், பெட்டிகளை அடுக்கலாம், வழியனுப்ப வந்தவர்களுடன் இரண்டு வார்த்தை பேசலாம். மற்ற வண்டிகள் சில நிமிடங்கள் மட்டுமே நிற்கும். அதைவிட முக்கியமானது இட ஒதுக்கீடு. வண்டி புறப்படும் நிலையத்திலிருந்து கடைசி நிலையம் வரை போகிறவர்களுக்குப் பொது ஒதுக்கீட்டில் பெரும்பங்கு இடங்கள் கிடைக்கின்றன. இடையில் ஏறுகிறவர்களுக்கு அந்த நிலையத்துக்கென்று ஒதுக்கிய சிறு பங்கிலிருந்துதான் பெரும்பாலும் இடம் தரப்படுகிறது. காத்திருப்புப் பட்டியலில் உங்கள் எண்ணுக்கு முன்னால் ஜி.என்.டபிள்யூ.எல். என்றிருந்தால் அது பொதுப் பட்டியல். ரத்தாகும் டிக்கெட்டுகளால் அது ஓரளவு வேகமாக நகரும். ஆர்.எல்.டபிள்யூ.எல்., பி.கியூ.டபிள்யூ.எல். என்றிருந்தால் அது இடைநிலைய ஒதுக்கீட்டின் பட்டியல். அதில் பத்தாவது எண்ணில் இருப்பதும் நம்பிக்கை தரும் நிலை இல்லை. ஆகவே பாண்டியனில் காத்திருப்புப் பட்டியல் இருபது என்பதையும், மதுரையைக் கடந்து போகும் ஒரு வண்டியில் காத்திருப்புப் பட்டியல் பத்து என்பதையும் ஒப்பிட்டு, எண்ணிக்கை குறைவு என்பதற்காக இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

கடந்து போகும் வண்டியில் மதுரையிலிருந்து இடமில்லை, ஆனால் அந்த வண்டி புறப்படும் ஊரிலிருந்து இடம் இருக்கிறது என்று காட்டினால், அந்த ஊரிலிருந்தே டிக்கெட் எடுத்து, ஏறும் நிலையமாக மதுரையைக் குறித்துக்கொள்ளலாம். கட்டணம் கூடும், ஆனால் இது விதிக்கு உட்பட்ட வழியே. ஏறும் நிலையத்தைக் குறிக்க மறந்துவிட்டு மதுரையில் ஏறலாம் என்று இருந்துவிடக் கூடாது. நீங்கள் வரவில்லை என்று கருதி டிக்கெட் பரிசோதகர் அந்தப் படுக்கையை ஆர்.ஏ.சி. பயணிக்கு, அதாவது படுக்கை உறுதியாகாமல் உட்கார மட்டும் இடம் பெற்றவருக்கு, கொடுத்துவிட முடியும். பிறகு வாதாடிப் பயனில்லை. திண்டுக்கல்லிலோ கொடைரோட்டிலோ ஏறும் எண்ணத்தில் மதுரையிலிருந்து டிக்கெட் எடுக்கிறவர்களுக்கும் இதே விதிதான். பயணத்துக்கு ஒரு நாளைக்கு முன்பே ஏறும் நிலையத்தை மாற்றிவிடுங்கள்; மாற்றிய பிறகு பழைய நிலையத்தில் ஏறும் உரிமை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனிப் பக்கத்தவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வாரம் மும்முறை ஓடிய வண்டி 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் போடிநாயக்கனூர் வரை நீட்டிக்கப்பட்டது. அது கரூர், நாமக்கல், சேலம், காட்பாடி வழியாகச் சுற்றிச் சென்று சென்ட்ரலில் முடிகிறது. தினசரி வண்டி இல்லை என்பதால் நாளைப் பார்த்துக்கொண்டு திட்டமிட வேண்டும். ஆனால் மதுரைக்கு வந்து வண்டி மாறும் சிரமம் இல்லாதது முதியவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

எப்போது பதிவு செய்வது

2024ஆம் ஆண்டு நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பயண நாள் இதில் சேராது. காலை 8 மணிக்கு முன்பதிவு தொடங்கும். பொங்கலை ஒட்டி ஜனவரி 14 அன்று புறப்பட வேண்டுமென்றால் நவம்பர் 15 காலை 8 மணிக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். விடுமுறை முடிந்து ஜனவரி 18 இரவு சென்னை திரும்ப வேண்டுமென்றால் நவம்பர் 19 அன்று இன்னொரு முறை. பண்டிகைக்கு ஊருக்கு வரும் டிக்கெட்டில் காட்டும் அக்கறையைத் திரும்பும் டிக்கெட்டிலும் காட்டுங்கள். வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்து மதுரைக்கும், ஞாயிற்றுக்கிழமை இரவு மதுரையிலிருந்து சென்னைக்கும் எந்த மாதத்திலும் நெரிசல்தான். வேலை அனுமதித்தால் சனிக்கிழமை இரவோ திங்கட்கிழமை இரவோ புறப்படுவது பல தொல்லைகளைத் தவிர்க்கும்.

இணையத்தில் பதிவு செய்கிறவர்கள் ரயில்வேயின் முன்பதிவுத் தளமான ஐ.ஆர்.சி.டி.சி.யில் உள்ள தங்கள் கணக்கை ஆதார் எண்ணுடன் இணைத்துச் சரிபார்த்து வைத்திருப்பது இப்போது கட்டாயம் என்றே சொல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லாமல் இணையத்தில் தட்கல் என்னும் கடைசி நேர டிக்கெட்டை எடுக்க முடியாது. அதே ஆண்டு அக்டோபர் முதல் சாதாரண முன்பதிவு தொடங்கும் வேளையிலும் அத்தகைய கணக்குகளுக்கே அனுமதி. இதைக் கடைசி நாள் காலையில் செய்ய முயலாமல், அவசரம் எதுவும் இல்லாத ஒரு மாலையில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்களின் கைபேசி எண் மாறியிருந்து ஆதாரில் பழைய எண்ணே இருந்தால், ஓ.டி.பி. வராது; அதையும் முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும்.

தட்கல் முன்பதிவு பயணத்துக்கு முந்தைய நாள் தொடங்கும்: குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணி, படுக்கை வசதி வகுப்புக்குக் காலை 11 மணி. ஒரு டிக்கெட்டில் நான்கு பேருக்கு மேல் முடியாது. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்காது என்பதால், போவது நிச்சயமான பயணத்துக்கு மட்டுமே அதை வைத்துக்கொள்ள வேண்டும். தட்கலில் காத்திருப்புப் பட்டியல் வந்துவிட்டால் அதை நம்பிக் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அன்றே மாற்று வழியைத் தேடுவதுதான் அறிவுடைமை.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரவு வண்டிகளில் நடக்கும் மிகக் கொடுமையான தவறு இதில்தான் நிகழ்கிறது. மதுரையில் ஏறுகிறவர்களுக்குப் பாண்டியனைப் பொறுத்தவரை குழப்பமில்லை. ஆனால் திருச்சியிலோ அதற்கு அப்பாலோ ஏறும் உறவினருக்கு நீங்கள் டிக்கெட் எடுத்துத் தருவதாக இருந்தால், வண்டி அங்கே வரும்போது நள்ளிரவு கடந்து தேதி மாறியிருக்கலாம். 10ஆம் தேதி இரவு மதுரையைக் கடக்கும் வண்டி, திருச்சியில் அதிகாலை ஒரு மணிக்கு நின்றால், அங்கே ஏறுகிறவரின் டிக்கெட்டில் 11 என்றுதான் இருக்கும். அவர் 10ஆம் தேதி இரவே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். 11ஆம் தேதி இரவு நிலையத்துக்கு வந்தால் வண்டி முந்தைய இரவே போயிருக்கும். டிக்கெட்டை அனுப்பும்போது 'வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்' என்று கிழமையோடு சொல்லிவிடுவது தேதியைச் சொல்வதைவிடப் பாதுகாப்பானது. முன்பதிவு நாளையும் தட்கல் நாளையும் கணக்கிடும்போது வண்டி முதல் நிலையத்தில் புறப்படும் தேதியையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த வகுப்பு, எந்தப் படுக்கை

காலையில் வேலை பெரியதாக இருந்தால் இரவில் தூக்கத்துக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். நேர்காணலுக்கோ அறுவைச் சிகிச்சை ஆலோசனைக்கோ போகிறவர் கையில் வசதி இருந்தால் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பையோ இரண்டடுக்கையோ தேர்ந்தெடுப்பதில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை. வெளிச்சத்தமும் தூசியும் குறைவு, விரிப்பும் தலையணையும் கம்பளியும் பெட்டியிலேயே கிடைக்கும். படுக்கை வசதி வகுப்பில் போர்வையை நாமே கொண்டுபோக வேண்டும். மதுரையில் ஏறும்போது வியர்த்துக் கொட்டினாலும், மார்கழி, தை மாதங்களில் விருத்தாசலத்தைத் தாண்டும் நேரத்தில் ஜன்னல் இடுக்கில் நுழையும் காற்று மெல்லிய பருத்திப் போர்வைக்கு அடங்காது.

படுக்கை எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அது எது என்று சொல்லிவிடும் கணக்கு எளிது. படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் ஒவ்வொரு தடுப்புக்கும் எட்டுப் படுக்கைகள். எண்ணை எட்டால் வகுத்து வரும் மீதி 1 அல்லது 4 என்றால் கீழ்ப்படுக்கை. 2 அல்லது 5 என்றால் நடுப்படுக்கை. 3 அல்லது 6 என்றால் மேல்படுக்கை. 7 என்றால் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை. மீதியே இல்லையென்றால் பக்கவாட்டு மேல்படுக்கை. 44 என்ற எண் வந்தால் மீதி 4, ஆகவே கீழ்ப்படுக்கை. இரண்டடுக்கில் தடுப்புக்கு ஆறு. ஆறால் வகுத்து மீதி 1, 3 வந்தால் கீழ், 2, 4 வந்தால் மேல், 5 பக்கவாட்டுக் கீழ், மீதியில்லையென்றால் பக்கவாட்டு மேல். எல்.எச்.பி. எனப்படும் புதிய வகைப் படுக்கை வசதிப் பெட்டியில் மொத்தம் 80 படுக்கைகள் என்பதால், 33 முதல் 48 வரையிலான எண்கள் பெட்டியின் நடுவில் அமைகின்றன. கழிப்பறைக் கதவின் ஓசையும், நிலையங்களில் ஏறி இறங்குகிறவர்களின் பேச்சும், சக்கரங்களுக்கு நேர்மேலே உணரும் அதிர்வும் அங்கே மிகக் குறைவு. முதல் எட்டும் கடைசி எட்டும் கதவை ஒட்டியவை.

தூங்கியே தீர வேண்டிய இளைஞருக்கு மேல்படுக்கைதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். நடுப்படுக்கைக்காரர் படுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை; திண்டுக்கல்லில் ஏறுகிறவர் வந்து எழுப்ப மாட்டார்; நினைத்த நேரத்தில் ஏறிப் படுத்துவிடலாம். விளக்கு வெளிச்சத்துக்குக் கண்ணை மறைக்க ஒரு துண்டு போதும். உயரமானவர்கள் பக்கவாட்டுப் படுக்கையைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் அதன் நீளம் குறைவு. படுக்கையை விரித்து உறங்குவதற்கான நேரம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை என்பது விதி. அதற்கு முன் கீழ்ப்படுக்கையில் எல்லோரும் உட்காரும் உரிமை உண்டு.

பெரியவர்களுக்குக் கீழ்ப்படுக்கை கிடைக்க, முன்பதிவில் வயதைச் சரியாகக் குறிப்பிட்டு, 60 வயதான ஆண்கள், 45 வயதான பெண்களுக்கான ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஒதுக்கீடு தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கானது. ஒரே டிக்கெட்டில் பேரன் பேத்தி எல்லோரையும் சேர்த்துப் பதிந்தால் அது பொருந்தாது. அம்மாவும் அப்பாவும் மட்டும் ஒரு டிக்கெட், மற்றவர்கள் இன்னொரு டிக்கெட் என்று பிரித்துப் பதிவு செய்வதால் அவர்களுக்குக் கீழ்ப்படுக்கை கிடைக்கும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது. முதியோருக்கான கட்டணச் சலுகை 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்டது. குழந்தைகளைப் பொறுத்தவரை, ஐந்து வயது நிறையாதவர்களுக்கு டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதிக் கட்டணம்.

உறுதியாகாத டிக்கெட்

வண்டி இரவில் புறப்பட்டாலும் இருக்கைப் பட்டியல் இப்போது அன்று பகலிலேயே தயாராகிவிடுகிறது. இதனால் மாற்று வழி தேட நமக்கு ஒரு மாலைப்பொழுது கிடைக்கிறது. இது நல்ல மாற்றம். இணையத்தில் எடுத்த டிக்கெட்டில் உள்ள எல்லாப் பெயர்களும் காத்திருப்பிலேயே நின்றுவிட்டால் அது தானாக ரத்தாகிப் பணம் திரும்பும்; அதை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது. நிலையத்தில் எடுத்த காத்திருப்பு டிக்கெட்டோடும் ஏற அனுமதியில்லை. ஆர்.ஏ.சி. என்றால் தயங்காமல் ஏறலாம். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் இருவர் உட்கார்ந்து போகும் நிலை அது; வராத பயணியின் படுக்கை அவர்களுக்கே முறைப்படி போய்ச் சேரும். மதுரையில் ஏறியவுடன் பரிசோதகரிடம் பணிவாகச் சொல்லி வையுங்கள். திண்டுக்கல் தாண்டிய பிறகு பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

பட்டியல் தயாரான பிறகு காலியாக எஞ்சும் படுக்கைகளை, வண்டி புறப்படும் சற்று நேரத்துக்கு முன்பு வரை உடனடி முன்பதிவில் எடுக்கலாம். வார நடுவில் பாண்டியனிலும் சில நேரம் இப்படி இடம் தென்படும். பயணம் உங்களுக்கு முடியாமல் போய், வீட்டில் இன்னொருவர் போவதாக இருந்தால், உறுதியான டிக்கெட்டைப் பெற்றோர், உடன்பிறந்தோர், மகன், மகள், கணவன், மனைவி ஆகியோரில் ஒருவர் பெயருக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே முன்பதிவு அலுவலகத்தில் மாற்றிக்கொள்ளலாம். பலர் இதை அறியாமல் ரத்து செய்து பணத்தை இழக்கிறார்கள்.

புறப்படும் மாலை

மேலூர், நத்தம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கிருந்து பெரியார் நிலையத்துக்கு நகரப் பேருந்தில் வருவதற்கே மாலை நேரத்தில் நீண்ட நேரம் பிடிக்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். பெரியாரிலிருந்து ரயில் நிலையம் நடந்து போகும் தொலைவுதான். வைகைக்கு வடக்கே இருப்பவர்கள் கோரிப்பாளையம், சிம்மக்கல் நெரிசலைத் தாண்டியாக வேண்டும். சித்திரைத் திருவிழா நாள்களில், குறிப்பாக அழகர் ஆற்றில் இறங்கும் காலத்தில், போக்குவரத்து முழுவதும் மாற்றிவிடப்படுவதால் வழக்கத்தைவிட வெகு முன்னதாகக் கிளம்புங்கள். எல்லீஸ் நகர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் மேல வெளி வீதியைச் சுற்றாமல் மேற்கு வாயிலைப் பயன்படுத்தலாம். நிலையத்தில் மறுசீரமைப்பு வேலைகள் நடப்பதால், பழகிய வழி அடைபட்டிருக்கவும் கூடும்.

சாப்பாட்டை வீட்டிலோ டவுன்ஹால் ரோடு உணவகங்களிலோ முடித்துக்கொண்டு ஏறுவதுதான் சிறந்தது. வண்டியில் சாப்பிடுவதாக இருந்தால், மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டிய இட்லிக்கு இணையான கட்டுச்சோறு வேறில்லை. வாசனையால் பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யாது, கையும் அதிகம் கழுவ வேண்டியதில்லை. தண்ணீரை மறக்க வேண்டாம். சென்னை உறவினர்களுக்கு மல்லிகைப்பூ கொண்டுபோகிறவர்கள் விரிந்த பூவை வாங்காமல், இறுக்கமான மொட்டாகப் பார்த்து வாங்கி, ஈரம் சொட்டாத வாழையிலையில் பொதிந்து எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் காற்றில்லாமல் அடைத்தால் வெப்பத்தில் வெந்து பழுத்துவிடும். 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் மதிப்பு, அது மறுநாள் காலையில் மணத்தோடு போய்ச் சேர்வதில்தான் இருக்கிறது.

அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். டிஜிலாக்கரில் உள்ள ஆதாரும் ஏற்கப்படும். படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றடுக்கிலும் ஆளுக்கு 40 கிலோ சுமை வரை கட்டணமில்லை. பெட்டியைக் கீழ்ப்படுக்கைக்கு அடியில் உள்ள வளையத்தில் சங்கிலியால் பூட்டி, சான்றிதழ்களும் மருத்துவ அறிக்கைகளும் உள்ள பையை மட்டும் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கைபேசியை வீட்டிலேயே முழுவதும் சார்ஜ் செய்துவிடுங்கள், ஏனென்றால் நள்ளிரவில் பெட்டியின் மின் இணைப்புகள் நிறுத்தப்படுவதுண்டு. தனியாகப் போகும் பெண்கள், பெட்டியில் எந்தத் தொல்லை நேர்ந்தாலும் 139 என்ற எண்ணை அழைக்கத் தயங்கக் கூடாது. பாதுகாப்பு, மருத்துவ உதவி, பெட்டியின் தூய்மை எல்லாவற்றுக்கும் இப்போது அந்த ஒரே எண்தான்.

திரும்பி வரும்போது

சென்னையிலிருந்து திரும்பும் இரவில் பாண்டியனை நான் முதலாவதாகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இங்கேதான் இருக்கிறது. அது மதுரையோடு முடிந்துவிடுவதால் அயர்ந்து தூங்கினாலும் ஊர் தப்பாது. நெல்லை, பொதிகை, முத்துநகர், கன்னியாகுமரி வண்டிகள் மதுரையில் சில நிமிடங்கள் நின்றுவிட்டுத் தெற்கே போய்விடும். கண் விழிக்கும்போது விருதுநகர் வந்திருக்கும். அந்த வண்டிகளில் வருகிறவர்கள் 139 வழியாகக் கிடைக்கும் எழுப்பும் அழைப்பைப் பதிவு செய்துகொள்வதோடு, கைபேசியிலும் அலாரம் வைக்க வேண்டும். வண்டி தாமதமாக ஓடினால் அட்டவணை நேரத்துக்கு வைத்த அலாரம் வீணாக எழுப்பும் என்பதால், திண்டுக்கல் வந்ததும் எழுந்துவிடுவது என்று வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து மதுரைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கிறது. முகம் கழுவி, பையைக் கட்டி, தூங்கும் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொள்ள அது போதுமான நேரம். சோழவந்தானைத் தாண்டிய பிறகு கதவருகே வந்தால் போதும். வண்டி வைகைப் பாலத்தில் ஏறும் ஓசை கேட்டால் நிலையம் அடுத்ததுதான்.

மதுரையில் இறங்கி மேலும் பயணம் செய்கிறவர்களில், தேனி, உசிலம்பட்டி பக்கம் போகிறவர்கள் ஆரப்பாளையத்துக்கும், மேலூர், இராமநாதபுரம் பக்கம் போகிறவர்கள் மாட்டுத்தாவணிக்கும் செல்ல வேண்டும். பெரியார் நிலையத்திலிருந்து அதிகாலையிலேயே இரண்டுக்கும் நகரப் பேருந்து கிடைக்கும்.